துரத்தல் அத்தியாயத்தில் எரிபொருள் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் இதழில் வந்து முடிந்த விண்போர்த் தொடர்கதைக்கு வாசகர்கள் எழுதிய கருத்துகளைப் படித்தேன். எரிபொருள் கணக்குப் போடும் அத்தியாயம் ஒரே இழுவை, எதிரிக் கப்பலைத் துரத்தும் அத்தியாயம்தான் உச்சம் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. கதையிலேயே நன்றாக எழுதப்பட்டது அந்தக் கணக்குதான். துரத்தலில் ஆசிரியர் தாம் போட்ட கணக்கைத் தாமே மறந்துவிட்டார்.

எரிபொருளோடு சேர்த்துக் கப்பலின் எடை 100 டன். அதில் எரிவது திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும். நமக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரையோஜெனிக் எஞ்சின்களுக்கும் இவைதான் தீனி. பின்னால் பீய்ச்சும் வாயுவுக்கு நொடிக்கு 4.5 கி.மீ. வேகம். கப்பல் தன் வேகத்தை நொடிக்கு 9 கி.மீ. மாற்ற வேண்டுமானால் 86 டன்னுக்கு மேல் எரித்தாக வேண்டும். தொட்டி, எஞ்சின், ஆயுதம், ஆட்கள், அவர்களுக்கான தண்ணீர், மூச்சுக்காற்று எல்லாம் மிச்சமுள்ள 13.5 டன்னுக்குள். கேப்டன் இரண்டு ஏவுகணைகளை இறக்கி வைத்துவிட்டுப் புறப்படும் இடத்தின் பதற்றம் இதைப் படித்தவருக்குத்தான் உறைக்கும்.

அதே கப்பல்தான் பிறகு எதிரியை நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் கடந்துபோய், வடசேரி பஸ் நிலையத்தில் பஸ்ஸைத் திருப்புவதுபோல ஒரே வரியில் திரும்பி அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. கடந்துபோன வேகத்தைக் குறைத்து நிற்கவே நொடிக்கு 10 கி.மீ. வேகமாற்றம் வேண்டும், கையிருப்பு எரிபொருள் தருவதோ 9. எரிபொருள் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். பயிற்சி பெற்றவர்கள் தாங்கக்கூடிய 3 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கில், எஞ்சினை எதிர்த்திசையில் ஓட்டினால் வேகம் தீர 340 நொடி ஆகும். அதற்குள் கப்பல் 1,700 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். திரும்பி வருவதற்கு வேறு தனியாக எரிக்க வேண்டும். விமானம் இறக்கையைச் சாய்த்து வளைவது காற்று தாங்குவதால். வெற்றிடத்தில் சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லை.

லேசர் பற்றியும் சொல்ல வேண்டும். நாயகனின் கப்பல் சுடுவதற்குமுன் சிறகு விரிப்பதை ஒரு வாசகர் வெறும் அலங்காரம் என்கிறார். அலங்காரமில்லை, அது வெப்பத்தை வெளியேற்றும் தகடு. 1 மெகாவாட் ஒளி உமிழும் லேசர் வாங்கும் மின்சாரத்தில் கால் பங்குதான் ஒளியாகிறது என்றால், 3 மெகாவாட் சூடாகக் கப்பலுக்குள்ளேயே தங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் என்றால் காற்றே அள்ளிக்கொண்டு போய்விடும். விண்வெளியில் வெப்பத்தைக் கதிர்வீச்சாக உமிழ்வது ஒன்றுதான் வழி. தகடு 327 டிகிரி செல்சியஸில் இருந்து, இருபுறமும் வெப்பம் உமிழ்ந்தால் சுமார் 200 சதுர மீட்டர் போதும், அதாவது ஐந்து சென்ட் மனை. 27 டிகிரியில் வைத்திருந்தால் எண்பது சென்ட் வேண்டும். எதிரிக் கப்பலுக்குச் சிறகே எழுதப்படவில்லை. கதையில் மூன்று பக்க நீளத்துக்கு விடாமல் சுட்ட அந்தக் கப்பலின் ஆட்கள் உள்ளேயே வெந்துபோயிருப்பார்கள்.

கேப்டன் தலைமையகத்தைக் கேட்காமல் முடிவெடுப்பது ராணுவ ஒழுங்குக்கு முரண் என்ற கருத்தையும் ஏற்க முடியவில்லை. செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே செய்தி ஒருவழி செல்லவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். கேட்டுப் பதில் வருவதற்குள் சண்டை முடிந்துவிடும்.

பிடிபட்ட எதிரி அதிகாரி நாயகனின் படைக்கே பயிற்சியாளராவது நம்பும்படி இல்லை என்கிறார்கள். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் பிடிபட்ட, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாய், பின்னர் அதே திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி ‘வலிய கப்பித்தான்’ (பெரிய கேப்டன்) ஆனார். 1777-இல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது; கல்லில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. கதையில் இந்த மனமாற்றம் இரண்டே பக்கத்தில் முடிந்துவிடுவதுதான் எனக்குக் குறை.

நூலாக வரும்போது துரத்தலை எடுத்துவிட்டு, இரு கப்பல்களும் ஒரே ஒருமுறை ஒன்றையொன்று கடப்பதாக ஆசிரியர் மாற்றி எழுத வேண்டுகிறேன். ஒளியின் அலைநீளம் 1 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், ஒரு மீட்டர் அகல ஆடியுள்ள லேசரின் ஒளிப்பொட்டு 1,000 கி.மீ. தூரத்தில் ஏறக்குறைய 2.4 மீட்டர் விரியும். அதற்கு மேல் சுட்டுப் பயனில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் நெருங்க 100 நொடி, விலக 100 நொடி. சிறகை எப்போது விரிப்பது, எதிரி அதைக் குறிவைத்தால் எப்போது மடக்குவது, மடக்கிய பிறகு எத்தனை நொடி சுடலாம் என்பதையெல்லாம் அந்த 200 நொடிக்குள் கேப்டன் முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.