எஞ்சிய பேரேடுகளையேனும் எங்களிடம் ஒப்படையுங்கள்: ரயில்வே உயர் அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலம்–ஜோலார்பேட்டை தடத்தில் உள்ள எங்கள் நிலையத்தின் பழைய கூட்ஸ் ஷெட்டை இடிக்கக் குறியிட்டிருப்பதும், அதனுள் இருந்த பேரேடுகளில் ஒரு பகுதி சென்ற வாரம் பழைய காகிதமாக எடைக்குப் போனதும் தாங்கள் அறிந்தவையே. எஞ்சிய பேரேடுகளை அழிக்காமல் ஊரிடமோ அரசு ஆவணக் காப்பகத்திடமோ ஒப்படைக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடத் தொடங்கிய ரயில் 1861-இல் சேலத்தை எட்டியது. நிலையம் வந்த பிறகே எங்கள் மானாவாரிக் காடுகளுக்கு நடுவே வண்டிப்பேட்டையும் மண்டியும் சந்தையும் எழுந்தன. கடலை மூட்டையும் புளியும் மாங்காய்க் கூடையும் இந்த ஷெட் வழியாகவே வெளியூர் சென்றன. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களுள் ஒன்றான சேலத்துக்குத் தானியம் வந்ததும் இத்தடத்தில்தான்.

நிலம் வைத்திருந்தவர்களின் பெயர் கிராமக் கணக்கில் இருக்கிறது. மூட்டை சுமந்தவர்களின் பெயரோ, கூலி பெற்றதற்கான கைநாட்டுடன், இந்தப் பேரேடுகளில் மட்டுமே இருந்தது. தம் தந்தையின் பெயரை ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் நிலையத்தில் கேட்டபோது, மேலிடத்துக்கு எழுதச் சொன்னார்கள். எழுதினால், நிலையத்திலேயே கேட்கும்படி பதில் வந்தது. அவர் இப்படி அலைந்துகொண்டிருந்தபோதே கட்டுகள் தராசில் ஏறிவிட்டன. அவருடைய தந்தைக்கு ஒரு நிழற்படம்கூடக் கிடையாது. காப்புக் காலம், அதாவது பாதுகாத்து வைக்க வேண்டிய காலம், முடிந்த காகிதங்கள் என்ற விளக்கம் விதிப்படி சரியாக இருக்கலாம். அந்த விதி எங்களை வேதனைப்படுத்துகிறது.

சென்னையிலும் திருச்சியிலும் அருங்காட்சியகம் அமைத்துப் பழைய எஞ்சின்களைப் பேணுகிறீர்கள். அதை மனமார வரவேற்கிறோம். ஆனால் சிற்றூர் நிலையம் என்றால் முதலில் வண்டியின் நிறுத்தத்தை எடுப்பது, பிறகு ஆட்களைக் குறைப்பது, இறுதியில் கட்டடத்தையே இடிப்பது என்பது வழக்கமாகிவிட்டது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன பயணிகள் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, சிறு நிலையங்கள் பலவற்றின் நிறுத்தங்கள் திரும்பவில்லை என்பதை எந்த விவசாயியும் மறக்கவில்லை.

ஆகவே, இடிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி, எஞ்சிய பேரேடுகளைப் பட்டியலிட்டு ஒப்படைக்குமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம். பட்டியலிடும் பணிக்கு ஊதியமின்றி வர எங்கள் ஆசிரியர்களும் இளைஞர்களும் ஆயத்தமாக இருக்கிறார்கள். அப்பணி முடியும்வரை ஒரு கட்டுகூட ஷெட்டைவிட்டு வெளியேறாதிருக்கத் தாங்கள் எழுத்து மூலம் ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்