குதிரை நகர்ந்தால் மாண்டலின் கெட்டுப்போனதா?

ஆசிரியருக்கு,

வணக்கம். மார்கழிக் கச்சேரியும் கிறிஸ்துமஸ் பாடகர் குழு ஒத்திகையும் அடுத்தடுத்து வருவதால், ஐப்பசி பிறந்ததுமே மாண்டலின் பழுதுபார்ப்பவர்களின் மேஜை நிரம்பிவிடும். மழையும் அப்போதுதான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய எங்கள் பகுதியில் ஈரத்தோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். மேல்பலகை ஈரம் குடித்து லேசாக உப்பும், கம்பி உயரும், அழுத்தினால் விரல் வலிக்கும், ஸ்வரமும் கூடுதலாகப் பேசும். "வாத்தியமே போச்சு" என்று பதறி வருகிறவருக்கு முதல் ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதிலேயே நல்ல ரிப்பேர்காரர் யார் என்று தெரிந்துவிடும்.

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கமாட்டார், கேள்வி கேட்பார். எட்டுக் கம்பியில் ஜி-டி-ஏ-இ என்று வயலின் சுருதியில் வாசிக்கிறீர்களா, கர்நாடக சங்கீதத்துக்கு ஒற்றைக் கம்பியா? யு. ஸ்ரீநிவாஸ் ஒற்றைக் கம்பி கட்டிய மின் மாண்டலினில் வாசித்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. கமகத்துக்கு (ஸ்வரத்தை அசைத்து வாசிக்க) ஜோடிக் கம்பியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, சுருதி பிளக்கும். அதனால் ஒற்றையாக்கித் தரச் சொல்லிப் பலரும் எட்டுக் கம்பி மாண்டலினைக் கொண்டுவருகிறார்கள். சில இடங்களில் ஜோடிக்கு ஒன்றைக் கழற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று கொடுத்துவிடுகிறார்கள். முடியவில்லை. தலைப்பகுதிப் பக்கம் கம்பி உட்காரும் பட்டையான நட்டில் உள்ள வெட்டுகள் ஜோடிக்கு ஏற்றவை. ஒன்றை எடுத்துவிட்டால் மீதிக் கம்பி நடுவில் நிற்காது. ஓரத்துக் கம்பியை இழுத்தால் அது ஃப்ரெட் போர்டை (ஃப்ரெட் என்னும் உலோகக் கட்டைகள் பதித்த, விரல் அழுத்தும் பலகையை) விட்டே வழுக்கும். புது எலும்பு நட் வைத்து, இடைவெளியைப் புதிதாக அளந்து வெட்டவேண்டும். ஸட்ஜத்தை இறக்கிக் கட்டுகிறவருக்குப் பழைய மெல்லிய கம்பியே போட்டால் தொய்ந்து ஃப்ரெட்டில் மோதி இரையும். தடித்த கம்பி போட்டால் நட் வெட்டும் அகலவேண்டும். அகலாவிட்டால் சுருதி சேர்க்கும் சாவியை முறுக்கும்போது கம்பி அசையாமல் நின்று, திடீரென்று 'டிக்' என்று தாவும். இப்படித் தாவுவதைச் சாவியின் கோளாறு என்று சொல்லிச் சாவி செட்டையே மாற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கம்பி வாங்கும்போது கடைக்காரர் தடிமன் சொல்லவேண்டும். வழக்கமான லைட் செட் 10-14-24-38, மீடியம் 11-15-26-40 (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு). மீடியம் சத்தம் கொடுக்கும்தான். ஆனால் பழைய, மெல்லிய பலகையில் போட்டால் குதிரைக்கு (மேல்பலகைமீது கம்பியைத் தாங்கி நிற்கும் கட்டைக்கு) கீழே பலகை உள்வாங்கும். இதை எச்சரிக்காமல் விற்பது சேவை இல்லை.

குதிரை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் தீர்கின்றன. சாதா மாண்டலினில் குதிரை ஒட்டப்பட்டதில்லை, கம்பியின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. கம்பி மாற்றும்போது எட்டையும் ஒரே மூச்சில் கழற்றினால் அது விழும். பிறகு கண் மதிப்பில் நிறுத்துவார்கள், இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போகும், மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரமும் சேராது. வாங்கிப்போனவர் வாத்தியத்தைக் குறை சொல்வார். கம்பியை ஒவ்வொன்றாக மாற்றினால் இந்தத் தொல்லையே இல்லை.

இடம் தவறியிருந்தால் சரிசெய்ய ஒரு ட்யூனர் போதும். முதலில் புதுக் கம்பி, ஏனென்றால் துருப்பிடித்த கம்பியில் இந்தச் சோதனை பொய் சொல்லும். 12வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு மீட்டி, அப்போது எழும் மணி போன்ற ஸ்வரத்தை (ஹார்மோனிக்) கேட்கவேண்டும். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டவேண்டும். அழுத்திய ஸ்வரம் கூடுதலாக இருந்தால் குதிரையை டெயில்பீஸ் (கம்பியின் அடிமுனை மாட்டும் பகுதி) பக்கம் நகர்த்து, குறைவாக இருந்தால் நெக் (கழுத்து) பக்கம். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர், அதுவும் கம்பியைச் சற்றுத் தளர்த்திய பிறகு. தடித்த கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும், அதனால் குதிரை கொஞ்சம் சாய்வாக நின்றால் பதற வேண்டாம்.

கம்பியின் உயரத்துக்கு 12வது ஃப்ரெட்டில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தால், சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலான கைகளுக்குச் சரி. குதிரையின் திருகுச் சக்கரத்தைக் கம்பி இறுக்கத்தில் இருக்கும்போதே திருகினால் மரை தேயும். குதிரையின் அடிப்பாகம் பலகையின் வளைவோடு ஒட்டி உட்காரவேண்டும். உட்காராவிட்டால் உப்புத்தாளின் சொரசொரப்பு மேலே இருக்கும்படி பலகையில் விரித்து, அதன்மேல் குதிரையைத் தேய்த்தால் வளைவு தானே வந்துவிடும். அடியில் வெளிச்சம் தெரியாத வரை தேய்க்கவேண்டும்.

இரைச்சல் வந்ததும் ஃப்ரெட்டைத் தேய்க்கத் தொடங்குவது இன்னொரு அவசரம். கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் இரைந்தால் நட் வெட்டு ஆழமாகிவிட்டது. ஓர் இடத்தில் மட்டும் என்றால் அந்த ஃப்ரெட் தேய்ந்திருக்கும், அல்லது அடுத்தது எழும்பியிருக்கும். முதல் சில ஃப்ரெட்கள் எல்லாமே இரைந்தால் நெக் பின்பக்கமாக வளைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே வைக்கும் இரும்புக் கம்பி) இருந்தால் ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் கூடாது. மலிவான மாண்டலின்கள் பலவற்றில் ட்ரஸ் ராடே கிடையாது. நெக் வளைந்த அப்படிப்பட்ட வாத்தியத்துக்கு, "இதற்குச் செலவழிக்காதீர்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவரைத்தான் நாங்கள் மாணவர்களுக்குச் சிபாரிசு செய்வோம்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. மூட்டு விட்டால் வஜ்ரம் (காய்ச்சி ஊற்றும் தோல் பசை) போட்டு ஒட்டுங்கள். சூடும் ஈரமும் காட்டினால் நாளைக்கு இன்னொருவர் பிரிக்க முடியும். இரண்டு டியூபைக் கலந்து போடும் எபாக்சி பசையை ஊற்றினால் அடுத்த முறை மரம்தான் பிய்யும். வெள்ளைப் பசை கம்பியின் இழுப்பிலும் சென்னை வெயிலிலும் மெல்ல நழுவும், நெக் மூட்டுக்கு ஆகாது. எதுவானாலும் கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விடவேண்டும், "சாயங்காலம் வாங்க" என்றால் சந்தேகப்படலாம். மின் மாண்டலினில் உறுமல் கேட்டால் முதலில் பார்க்கவேண்டியது கேபிள் செருகும் ஜாக். அதன் வெளித் திருகு நட் தளர்ந்து ஜாக்கே சுழன்று, உள்ளே எர்த் கம்பி அறுந்திருக்கும். ஒரு சொட்டு ஈயத்தில் தீரும் வேலைக்குப் பிக்கப்பையே (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்தை) மாற்றச் சொல்கிறார்கள்.

மாண்டலின் செய்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். புது மாண்டலினோடு ஒரு சீட்டு கொடுங்கள். நட்டிலிருந்து குதிரை வரை நீளம், எந்தக் கம்பிக்கு அமைத்தது, ட்ரஸ் ராட் உண்டா, உண்டென்றால் எந்த அளவு எல்-கீ என்பது அதில் இருக்கட்டும். சரியாக உலராத மரத்தில் செய்த ஃப்ரெட் போர்டு ஏசி அரங்கில் சுருங்கும். ஃப்ரெட் சுருங்காது, அதன் முனை வெளியே நீட்டிக் கையைக் கிழிக்கும். அதை அரத்தால் மழுக்கித் தருவது செய்தவரின் பொறுப்பு, தனிக் காசு வாங்குவது அழகில்லை.

பழுதுபார்ப்பவர்களும் வாங்கும்போதே சீட்டுப் போடவேண்டும். ஏற்கெனவே உள்ள விரிசல், 12வது ஃப்ரெட்டில் உயரம், செய்யப்போகும் வேலை, தோராயத் தொகை என்று எழுதி, நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்துவைத்தால் பின்னால் வாய்ச்சண்டை வராது. தொகை கூடுமென்றால் கைவைக்கும் முன் போன் செய்யவேண்டும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தரவேண்டும். ஒப்படைக்கும்போது எல்லாக் கம்பியிலும் எல்லா ஃப்ரெட்டையும் வாடிக்கையாளர் முன்னால் மீட்டிக் காட்டவேண்டும். புதுக் கம்பி நீளும், பலகையும் இறுக்கத்துக்குப் பழகும், ஆகவே ஒரு வாரம் கழித்து வரச்சொல்லி இலவசமாக ஒருமுறை பார்த்துத் தருவது நியாயம். வடசென்னையிலேயே இதையெல்லாம் சொல்லாமலே செய்கிறவர்கள் இருக்கிறார்கள், போர்டு கூட இல்லாத மாடி அறைகளில். ஆனாலும் பலர் மவுண்ட் ரோடுக்கும் மயிலாப்பூருக்கும் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

வாடிக்கையாளர் பங்கும் உண்டு. "சவுண்ட் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள், எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட், எப்போதிலிருந்து என்று சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியைத் துடையுங்கள், கடலோரத்தில் இதைத் தவறவிட்டால் கம்பியின் ஆயுள் பாதிதான். கூரியரில் அனுப்பினால் கம்பியை முழுக்கத் தளர்த்தாமல் ஓரிரு ஸ்வரம் மட்டும் இறக்குங்கள். குதிரை நிற்கும் இடத்தை ஒட்டுத்தாளால் குறியுங்கள். குதிரையைச் சுற்றியும் தலைப்பகுதிக்கு அடியிலும் செய்தித்தாளைச் சுருட்டி வையுங்கள், பெட்டி கீழே விழுந்தால் முதலில் முறிவது தலைப்பகுதிதான்.

இப்படிக்கு,
மாண்டலின் ஆசிரியர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81