பெயர்ச்சிக் கணக்கிலேயே குருவின் தூரம் கிடைக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழ் சிறுவர் பக்கத்தில் செவ்வாய் சூரியனைச் சுற்ற 780 நாள் என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு, தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். செவ்வாய் நம் வானத்தில் சூரியனுக்கு நேர் எதிரே வந்து, மறுபடி அதேபோல எதிரே வர ஆகும் காலம்தான் 780 நாள். நாமும் ஓடிக்கொண்டே பார்ப்பதால் வருகிற கணக்கு அது. அந்த 780 நாளில் பூமி 2.135 சுற்று சுற்றிவிடும், செவ்வாய் அதைவிட ஒரு சுற்று குறைவாக 1.135. 780-ஐ 1.135-ஆல் வகுத்தால் 687. அதுதான் செவ்வாயின் உண்மையான சுற்றுக்காலம்.

சின்னப் பிழைதானே என்று விட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் சுற்றுக்காலம் சரியாக இருந்தால் அதிலிருந்து சூரியனுக்கும் கோளுக்கும் உள்ள தூரத்தையே கண்டுபிடித்துவிடலாம். பக்கத்திலேயே தூரப் பட்டியல் போட்ட நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். என் மகள் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நான் அதை மூடி வைத்துவிட்டு, குருப்பெயர்ச்சி எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்று கேட்டேன். வருஷா வருஷம் என்றாள். பன்னிரண்டு ராசிக்கு 12 வருஷம். சரி, 12-ஐ 12-ஆல் பெருக்கு, 144. இப்போது எந்த எண்ணை மூன்று தடவை போட்டுப் பெருக்கினால் 144 வரும்? 5 போட்டாள், 125. 6 போட்டாள், 216. போன் கால்குலேட்டரில் 5.2 போட்டால் 140.6, 5.3 போட்டால் 148.9. கடைசியில் 5.24-இல் வந்து நின்றாள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 1 என்று வைத்தால் வியாழன் அதைப்போல 5.24 மடங்கு தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். பட்டியலைத் திறந்து பார்த்தாள், 5.2. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "சனிக்கும் போடலாமாம்மா?" என்றாள்.

முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை என்பார்களே, அந்த முப்பதுதான் சனியின் ஒரு சுற்று. 30-ஐ 30-ஆல் பெருக்கினால் 900, அதன் கனமூலம் (மூன்று தடவை போட்டுப் பெருக்கினால் 900 தரும் எண்) 9.65, பட்டியலில் 9.5. உண்மையில் குருவுக்கு 11.86 வருஷம், சனிக்கு 29.46 வருஷம், அதைப் போட்டால் 5.20, 9.54 என்று அச்சாக வருகிறது. ஆனால் செவ்வாய்க்கு உங்கள் 780 நாளைப் போட்டபோது 1.66 வந்தது, பட்டியலில் 1.52. எங்கே தப்பு செய்தோம் என்று அவள் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்த்ததால்தான் இந்தக் கடிதம்.

வருஷத்தை இரண்டு தடவை போட்டுப் பெருக்கினாலும் தூரத்தை மூன்று தடவை போட்டுப் பெருக்கினாலும் ஒரே எண் வரும் என்ற இந்த விதியை வானியலாளர் கெப்ளர் 1618-இல் கண்டுபிடித்தபோது பூமிக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம் என்பதே சரியாகத் தெரியாது. இருந்தும் எது எத்தனை மடங்கு என்ற விகிதம் மட்டும் கையில் இருந்தது. இன்று 14.96 கோடி கிலோமீட்டரால் பெருக்கிக்கொண்டால் போதும், வியாழனுக்கு சுமார் 78 கோடி.

பாதை நீள்வட்டம் என்பதால் கிடைப்பது அதன் நெட்டச்சில் (நீள்வட்டத்தின் மிக நீளமான குறுக்களவில்) பாதி என்பதையும் ஒரு வரி சேருங்கள். ஹாலி வால்மீன் அதற்கு நல்ல உதாரணம். 1986-இல் வந்தது, 2061-இல் வரும், 75 வருஷம். கணக்குப் போட்டால் 17.8. இருமடங்கு 35.6, அதில் சூரியனை மிக நெருங்கும் தூரம் 0.6-ஐக் கழித்தால், மிகத் தள்ளிப் போகும் தூரம் 35. அதாவது 30-இல் இருக்கும் நெப்டியூனையும் தாண்டிப் போய்விட்டுத்தான் திரும்புகிறது. அடுத்த இதழில் அந்த இரண்டு வருஷத்தையும் 0.6-ஐயும் மட்டும் கொடுத்து, எவ்வளவு தூரம் போகும் என்று பிள்ளைகளிடமே கேளுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோவில்பட்டி