மச்சாளுக்கு, ஒரு வருடம் கழித்து

அன்புள்ள மச்சாள்,

நீங்கள் என் அழைப்பை எடுப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். உங்கள் மகன் இதை வாசித்து உங்களிடம் காட்டுவான். சபையாரில் சிலரும் வாசிக்கக்கூடும். ஆகையால் அன்று நான் வாய்விட்ட விடயம் இன்னதென்று எழுதப்போவதில்லை. யாரென்று விளங்காதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். அதுவும் பொய்தானே என்று நீங்கள் கேட்பீர்கள்.

இந்த மாசியோடு ஒரு வருடம். காலபோக அறுவடை முடிந்து, மல்லாவி வீதியோரமெங்கும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நான் படங்கில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த நேரத்தில்தான், உங்கள் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையின் தாயார் அவளைப் பற்றி விசாரிக்க ஓட்டோவில் வந்து இறங்கினார். தேநீரும் பயற்றம் பணியாரமும் வைத்தேன். மழை, நெல் விலை, பிள்ளைகளின் படிப்பு என்று பேச்சுச் சுற்றி வந்து, "நீங்கள் சபையில் நல்ல சாட்சியுள்ளவர், பொய் சொல்லமாட்டீர்கள், அதுதான் உங்களிடம் கேட்கிறேன்" என்றார். அந்தச் சொல் எனக்கு இனித்தது, மச்சாள். இனித்தபடியால்தான் சொன்னேன், சத்தியத்துக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லி முடித்தபோது, அவர் கடித்த பணியாரத்தின் மற்றப் பாதியை மெதுவாகத் தட்டிலே திருப்பி வைத்தார். அதில் பல் பதிந்த தடம் இருந்தது. அவர் போன பின்னும் அந்தத் தட்டை எடுத்துக் கழுவ எனக்குக் கை வரவில்லை.

அன்றிரவே எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்: "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்." மத்தேயு 5:37. அந்தப் பகுதி 33ஆம் வசனத்தில் தொடங்குகிறது என்பதை மாதக்கணக்காக நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்டவர் அங்கே பேசுவது ஆணையிடுவதைப் பற்றி. வானத்தின்மேலும் எருசலேமின்மேலும் சத்தியம்பண்ணினால்தான் நம்பலாம் என்ற பேச்சு உங்களுக்கு வேண்டாம் என்கிறாரே தவிர, தெரிந்ததையெல்லாம் கேட்டவர்களுக்கெல்லாம் அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. தாவீதை அபிஷேகம்பண்ணப் போகச் சவுலுக்குப் பயந்த சாமுவேலிடம், பலியிட வந்தேன் என்று சொல் எனக் கர்த்தரே சொல்லிக்கொடுத்தார். பலியும் நடந்தது; பொய் இல்லை. ஆனாலும் முழுவதையும் சொல்லவில்லை. நீதிமொழிகள் 11:13 எனக்கு இன்னும் கடுமையாகப் பட்டது. புறங்கூறித் திரிகிறவனுக்கு எதிராக அது நிறுத்துகிற "உண்மையுள்ளவன்" காரியத்தைச் சொல்லுகிறவன் அல்ல, அடக்குகிறவன்.

"அதைப் பெற்றவர்களிடமே கேளுங்கள்" என்று நான் சொல்லியிருக்கலாம். மன்னியுங்கள்.

ஆனால் புரோக்கரிடம் என் பெயரைக் கொடுத்தது யார்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இவள் நமக்காக மறைப்பாள் என்று கணக்குப் போட்டு, என் சாட்சியை உங்கள் பிள்ளையின் சீதனத்தோடு சேர்த்து வைத்தீர்கள். அந்தக் கணக்குப் பிழையானதும் பெண்கள் ஐக்கியத்தில் யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தை எடுத்து, நாவும் நெருப்புத்தான் என்று வாசித்துவிட்டு, பெயர் சொல்லாமல் எனக்காக உருக்கமாக ஜெபித்தீர்கள். அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் ஆளைத் தெரிந்தது. உப்பால் சாரமேறின வசனம் என்று பவுல் எழுதியது அதைத்தானா? நான் ஒரு வீட்டாரிடம் சொன்னேன். நீங்கள் சபைக்கே சொன்னீர்கள்.

பிள்ளையை நினைத்தால்தான் இந்தக் கோபம் நிற்பதில்லை. 2009இல் செட்டிகுளம் முகாமில், நீங்கள் தண்ணீர் வரிசையில் நின்ற நேரமெல்லாம் அவள் என் மடியில்தான் தூங்கினாள். இப்போது சந்தையில் கண்டால் "மாமி" என்கிறாள், ஆனால் நிற்பதில்லை.

போன கிழமை அதே புரோக்கர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். வேறொரு இடத்தார் விசாரிக்கிறார்களாம். பிள்ளை தங்கமானவள், அதற்குமேல் எதைக் கேட்பதானாலும் பெற்றவர்களிடம் கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வீட்டாரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மச்சாள், தேதி குறிக்கும் முன்பே. இதைச் சொல்ல இவள் யார் என்பீர்கள், என்னவோ, சொல்லிவிட்டேன்.

என் பெயரை இனி எவரிடமும் கொடுக்கவேண்டாம். உங்கள் சுளகு போன அறுவடையிலிருந்து என் வீட்டில்தான் கிடக்கிறது. மகனிடம் கொடுத்தனுப்பலாம் என்று இரண்டு தடவை வெளியே எடுத்து வைத்தேன், பிறகு உள்ளே கொண்டுபோய்விட்டேன். நீங்களே வந்து எடுங்கள்.