சாமியாரைக் கூப்பிட்டியா?

அன்புள்ள வாயாடிக்கு,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன்னுடைய இரண்டு கடிதங்களும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் மனசு குத்துகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பேரன் பிறந்ததற்கு வாழ்த்துகூடச் சொல்லவில்லை. நன்றாக இருக்கட்டும். மூக்கு மட்டும் உன்னுடையதாக இல்லாமல் இருந்தால் போதும். வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மா விழுந்துவிட்டாள். பயப்படாதே, இப்போது தேறிவிட்டாள். விழுந்ததில் எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் படுத்த படுக்கையானதில் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, ஒரு வாரம் எங்களை உலுக்கிவிட்டது. 92 வயசு. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கோங்க" என்றார்.

அந்த வாரத்தைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்க நம் பங்குச் சாமியாரை நான் கூப்பிடவில்லை. ஐந்து நாள். யாருடைய மகள் நான் என்று உனக்குத் தெரியும். "கடைசி மூச்சுக்குக் காத்திருக்காதீங்க, நினைவு இருக்கும்போதே சாமியாரைக் கூப்பிடுங்க" என்று எத்தனை வீட்டு வாசலில் நின்று சொன்னவள் அம்மா! அதை அவள் சும்மா சொல்லவில்லை. நம் பாட்டி காலத்தில் அதற்கு 'அவஸ்தை பூசுதல்' என்று பேர். சாமியார் எண்ணெயோடு உள்ளே நுழைந்தாலே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். இது சாகக் கிடப்பவர்களுக்கு மட்டுமான சடங்கு இல்லை, 'நோயில் பூசுதல்' என்று சொல்வதே பொருத்தம் என்று 1963-லேயே வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. 1972-ல் பாப்பரசர் ஆறாம் பவுல் சடங்கையே புதுப்பித்தார். முன்பு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பூசியதை நெற்றி, கை என்று ஆக்கினார். தள்ளாமை வந்தாலே வாங்கலாம். தேறி எழுந்து மறுபடி நோய் வந்தால் மறுபடியும் வாங்கலாம். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் போனை எடுத்து, எண்ணைத் தேடி, திரும்ப வைத்துவிடுவேன். கூப்பிட்டால் அம்மாவை நானே அனுப்பி வைப்பதுபோல ஆகிவிடும் என்று ஒரு பயம். அவள் மற்ற வீடுகளில் எந்தப் பயத்தைப் பேசிப் பேசி எடுத்தாளோ, அதே பயம் அவள் பெற்ற பெண்ணுக்குள் கல்லு மாதிரி கிடந்தது.

ஆறாம் நாள் ராத்திரி, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து, "சாமியாரைக் கூப்பிட்டியா?" என்று கேட்டாள். நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம், "உனக்குப் பயமா இருந்தா நானே பேசறேன், போனைக் கொடு" என்றாள். மூச்சு விடவே சிரமப்பட்டவள். நான் அழுத அழுகையில் பக்கத்து அறையிலிருந்து அண்ணன் ஓடி வந்துவிட்டான்.

விடியற்காலையில் சாமியார் வந்தார். நான் மேசை எதுவும் தயார் செய்யவில்லை, தோன்றவே இல்லை. அம்மா விரலை நீட்டி, "மெழுகுத்திரி" என்றாள். அடுத்து, "வெள்ளைத் துணி". அடுத்து, சிலுவையைக் காட்டி, "பாடுபட்ட சுரூபம்". அடுத்தவர் வீட்டில் இதையெல்லாம் அவள்தானே எடுத்து வைப்பாள்! சாமியார் ஒன்றும் பேசாமல் அவள் தலைமேல் கை வைத்தார். நெற்றியில் பூசினார். கையைக் காட்டச் சொல்வதற்கு முன்பே அம்மா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துவிட்டாள். அந்தக் கைகளை அப்படி விரித்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் எதையாவது பிடித்திருந்த கைகள். எண்ணெயைத் துடைக்க விடவில்லை. விரல்களை மூடிக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள்.

அண்ணன் கதவருகே நின்றான். அவன் கோயிலை விட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று உனக்கே தெரியும். செபம் சொல்லவில்லை. போகவும் இல்லை.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அம்மாமேல் ஒரு குறை உண்டு. நம் சின்ன வயசு சனிக்கிழமை சாயந்தரங்கள் முழுக்க மரியாயின் சேனை என்ற பக்திச் சபை எடுத்துக்கொண்டது. கூட்டம், செபமாலை, அப்புறம் துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாக நோயாளிகளைப் பார்ப்பது. நான் உன் வீட்டில் காத்திருப்பேன். பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது என்பது சேனையின் சட்டம். வெறுங்கையோடு போய் என்னதான் செய்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும். 1921-ல் டப்ளினில் ஃபிராங்க் டஃப் அந்தச் சேனையைத் தொடங்கியபோது அவர்கள் செய்த முதல் வேலையே மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளைப் பார்க்கப் போனதுதான் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவாள். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம், அம்மா வேண்டும். "நானும் நோயில படுத்துக்கிட்டா வந்து உட்காருவியா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய். வாயாடியான நீயே அன்று வாயைத் திறக்கவில்லை.

சாமியார் அல்லாத பொதுநிலையினரும் நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோகலாம் என்று 1973-ல் ரோமில் அனுமதி கொடுத்தார்கள். நம் பங்குக்கு அது வந்து சேரப் பல வருஷம் ஆயிற்று. வந்ததும் முதலில் பேர் கொடுத்தவர்களில் அம்மா ஒருத்தி. கழுத்தில் சின்னப் பை, அதற்குள் நற்கருணைச் சிமிழ். வழியில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். "உங்க அம்மாவுக்கு என்மேல என்னடி கோபம்?" என்று நீ முகம் தொங்கிப்போய்க் கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆண்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவள் உன்னோடு நின்று கதை பேசுவாளா!

இப்போது அந்தச் சிமிழ் எங்கள் வீட்டுக்கு வருகிறது. பங்கிலிருந்து சின்னப் பெண் ஒருத்தி கொண்டுவருகிறாள், இருபது வயசுதான் இருக்கும். முதல் வாரம் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போய்ப் பார்த்தே பழகியவளுக்கு, தன்னைப் பார்க்க ஒருத்தி வருவது தாங்கவில்லை. "நான் ஒண்ணுக்கும் உதவாம ஆயிட்டேன்" என்று முனகினாள். அதுதான் எனக்குக் காய்ச்சலைவிடப் பெரிய கவலையாக இருந்தது.

இன்னொரு கூத்து, நன்மை வாங்கும், அதாவது நற்கருணை வாங்கும், நாளில் தண்ணீர்கூட வேண்டாம் என்பது. அவள் முதல் நன்மை வாங்கிய காலத்தில் நடுராத்திரியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. 1953-ல் தண்ணீருக்குத் தடை போயிற்று, 1957-ல் மூன்று மணி நேரமாகக் குறைந்தது, 1964-ல் ஒரு மணி நேரமாயிற்று. நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அதுவும் கிடையாது. இதையெல்லாம் ஊருக்குச் சொன்னவள் அவள். "மருந்தைச் சாப்பிடுங்க, ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்" என்று சிரித்துக்கொண்டே மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள். தனக்கென்று வரும்போது மட்டும் பழைய சட்டம்! நான் சத்தம் போட்டும் நடக்கவில்லை. அந்தப் பெண்தான் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டி, "பாட்டி, ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்" என்றாள். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! அம்மா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். வாங்கி விழுங்கிவிட்டாள்.

அன்றைக்கு அந்தப் பெண் சும்மா உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அம்மா பேசியபோது கேட்டாள், பேசாதபோது இருந்தாள். முக்கால் மணி நேரம். அவள் போன பிறகு அம்மா சொன்னாள்: "நல்லா உட்காருறா."

வெறுங்கையோடு போய் அம்மா என்ன செய்தாள் என்பதை இந்த வயசில் என் வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டேன். அதற்காகப் பழைய குறை எல்லாம் போய்விட்டது என்று எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை சாயந்தரம் அம்மாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு நானும் உட்கார்ந்துவிடுகிறேன். நன்றாக உட்காருகிறேனா என்று அவள் இன்னும் சொல்லவில்லை.

சேனையில் இப்போது துணை உறுப்பினராகப் பேர் மாற்றிக்கொண்டாள். நடக்க முடியாதவர்கள் செபத்தால் உழைக்க வேண்டும், தினமும் செபமாலையும் சேனைச் செபங்களும். புத்தகம் பார்க்காமல் சொல்லும்போது 'அருள் நிறைந்த மரியே' என்பதற்குப் பதிலாக வாய் தானாகப் 'பிரியதத்தத்தினாலே' என்று பழைய தமிழுக்குப் போய்விடுகிறது. நான் திருத்துவதில்லை.

தன்னை அடக்கம் செய்வதைப் பற்றியும் பேசிவிட்டாள். வழிதவறிய மகன் அகுஸ்தீனுக்காக அழுது செபித்த புனித மோனிக்கம்மாள்தானே அவளுக்கு எப்போதும் துணை! அண்ணனுக்காக ஒவ்வொரு ஆகஸ்ட் 27-ம் தேதியும், அந்தப் புனிதையின் திருநாளில், தனிப் பூசை வைப்பாளே. 387-ல் ஓஸ்தியா துறைமுகத்தில் சாகக் கிடந்தபோது மோனிக்கம்மாள் பிள்ளைகளிடம், உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். "எனக்கும் அதுதான்" என்றாள். அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று நான் கேட்கவில்லை.

நேற்று, "அந்த வாயாடி எங்கேடி? உயிரோடதானே இருக்கா?" என்று விசாரித்தாள். அதனால்தான் இன்றைக்கே எழுதிவிட்டேன். எனக்குப் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவுக்கு ஒரு கடிதம் போடு. பெரிய எழுத்தில் எழுது. நான் வாசிக்கிறேன் என்றால் விட மாட்டாள், தானே வாசிக்க வேண்டும் அவளுக்கு. பேரன் படமும் ஒன்று வை.

உன் சிநேகிதி