ஆறு குட்டிகளும் ஒரு பச்சை உடம்புக்காரியும்

அன்புள்ள கோமதி,

உன் கடிதத்தை இன்று காலைதான் படித்தேன். உன் மகளுக்கு வேலை மாற்றம் வந்ததைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன். உன் நாய் ராணி குட்டி போட்டு மூன்றாம் நாள், ஆறு குட்டி, அதில் ஒன்று மெலிந்து நலிந்த சவலை என்று எழுதியிருக்கிறாயே, இப்போது அதுதான் அவசரம்.

சவலைக்கு எவ்வளவு பால் கொடுக்கலாம் என்று கேட்கிறாய். பாலுக்கு முன்னால் சூட்டைப் பார். உன் சுண்டுவிரலை அதன் வாய்க்குள் வை. உள்ளே சில்லென்று இருந்தால் ஒரு சொட்டுப் பாலும் கொடுக்காதே. பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள முடியாது. முதல் சில நாட்கள் நடுங்கக்கூட வராது. உடம்புச் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் குடல் அசைவது மந்தமாகி நின்றுவிடும். அப்போது உள்ளே போகிற பால் செரிக்காமல் தங்கும், வயிறு உப்பும், எதிர்த்து வந்து நுரையீரலுக்குள்ளும் போகும். பால் குடித்துக்கொண்டிருந்த குட்டி திடீரென்று போய்விட்டது என்பார்கள். பல நேரம் அதற்கு முன்பே அது குளிர்ந்திருக்கும், யாரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

குளிர்ந்த குட்டியை நெஞ்சோடு சேர்த்துத் துணிக்குள் வைத்துக்கொள். இல்லையென்றால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வை, சில நிமிடத்துக்கு ஒருமுறை குட்டியைத் திருப்பிப் போடு. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் வரை ஆகலாம், ஆகட்டும். அவசரப்பட்டு ஹேர் டிரையரைப் பிடித்தால் தோல் வெந்துபோகும், உள்ளே சில்லென்றே இருக்கும். சூடு ஏறியதும் அதுவே தலையைத் தூக்கி வாயால் துழாவும். அப்போது பால். சந்தேகம் இருந்தால் டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் வாசலின் தடவி, ஆசனவாயில் நுனி மட்டும் போகிற அளவுக்கு வைத்துப் பார். முதல் வாரம் 35 முதல் 37 வரை இருந்தால் சரி. நம்மைப் போல, தாயைப் போல இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

பாட்டிலை எடுப்பதற்கு முன்னால் இன்னொன்று செய்து பார். பெரிய குட்டிகளை ஒரு துணி விரித்த கூடையில் இருபது நிமிடம் ஒதுக்கி வைத்துவிட்டு, சவலையை மட்டும் பின்னங்கால் பக்கத்துக் காம்பில் பிடித்து விடு. அங்கேதான் பால் பொதுவாக அதிகம், மற்றவை எப்போதும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. பாதிச் சவலைகள் இதிலேயே தேறிவிடும் என்பது என் எண்ணம். முதல் நாளே சீம்பால் குடித்துவிட்டது என்றாயே, பெரிய நிம்மதி. 24 மணி நேரம் கடந்துவிட்டால் அதிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் குட்டியின் குடல் உறிஞ்சிக்கொள்ளாது.

அப்படியும் போதவில்லை என்றால், நாய்க்குட்டிகளுக்கென்று விற்கிற பால் பவுடர்தான். பசும்பால் வேண்டாம். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, பால் சர்க்கரை குறைவு. பசும்பால் கொடுத்தால் குட்டிக்குப் பசியும் அடங்காது, வயிற்றாலும் போகும். டப்பாவில் போட்டிருக்கிற அளவில் கலக்கு. கெட்டியாகக் கொடுத்தால் சீக்கிரம் தேறும் என்று நினைக்காதே. பால் உன் மணிக்கட்டில் விட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிதான் வயிறு தாங்கும். 220 கிராம் குட்டிக்கு 8 மில்லிக்கு மேல் போகாதே. தாயிடமும் குடிக்கிறது என்றால் அதில் பாதி போதும். முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்தான்.

குடிக்கும்போது குட்டி குப்புறப் படுத்து, தலை மட்டும் லேசாக உயர்ந்திருக்கட்டும். கைக்குழந்தையை ஏந்துவது போல மல்லாத்திப் பிடித்தால் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தாரையாக ஊற்றினால் நிப்பிள் ஓட்டை பெரிது. சிரிஞ்சில் கொடுத்தால் அழுத்தாதே, அதுவே சப்பி விழுங்கட்டும். மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்திவிட்டு வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பார். பிளவு இருந்தால் பாட்டிலே கூடாது, டாக்டரிடம் கொண்டு போ.

ராணி நக்கிவிட்டால்தான் குட்டிக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகும். சவலையை அவள் ஒதுக்குகிறாள் என்றால் பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு பாலுக்குப் பிறகும் அந்த இடத்தில் மெதுவாகத் தட்டித் தடவு. மூன்று வாரம் வரை இது தேவைப்படும். சிறுநீர் ஏறக்குறைய நிறமில்லாமல் இருக்க வேண்டும். அடர்மஞ்சளாக இருந்தால் நீர்ச்சத்து போதவில்லை.

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள். தினமும் ஒரே நேரத்தில் ஆறையும் நிறுத்து எழுது. முதல் நாள் கொஞ்சம் குறையலாம். அதன் பிறகு தினமும் உடம்பு எடையில் 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும். பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் இரு மடங்கு ஆக வேண்டும். ஒரு நாள் ஏறவில்லை என்றால் கவனி. இரண்டாம் நாளும் ஏறவில்லை என்றால் காத்திருக்காதே. குட்டி கத்துகிறதா இல்லையா என்பதை நம்ப முடியாது: உண்மையிலேயே நலிந்தது கத்தாமல் ஓரமாகக் கிடக்கும். அடையாளத்துக்குக் கழுத்தில் நூல் கட்டாதே, இறுகிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இடத்தில் முடியைக் கொஞ்சம் கத்தரித்து விடு.

பெட்டியில் செய்தித்தாள் விரித்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அடியில் இருக்கட்டும், மேலே சொரசொரப்பான கெட்டித் துணி போடு. வழுக்குகிற தரையில் கால்கள் இரு பக்கமும் பரப்பிக்கொண்டு, எழுந்து நிற்க முடியாத குட்டியாகிவிடும். சுவரோரம் பத்து சென்டிமீட்டர் உயரத்தில், அதே அளவு தள்ளி ஒரு கட்டை அடித்துவிட்டால் ராணி சாய்ந்து படுக்கும்போது குட்டி நசுங்காது. சூடு தரும் விளக்கையோ ஹீட்டிங் பேடையோ பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் வை. சுட்டால் மறுபக்கம் நகர்ந்து போக இடம் வேண்டும், ராணிக்கும் அந்த வெக்கை ஆகாது. குட்டி படுக்கிற மட்டத்தில் முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வா. ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது. தனித்தனியாகச் சிதறி இரைத்தால் சுடுகிறது. பக்கம் பக்கமாகப் படுத்துத் தூக்கத்தில் கால்கள் துடித்தால் எல்லாம் சரி. அந்தத் துடிப்பைப் பார்த்துப் பயந்துவிடாதே.

இனி ராணி. சினையாக இருந்தபோது கால்சியம் டானிக் கொடுத்து வந்தாய் என்றாயே, அந்த வரிதான் எனக்கு உறுத்துகிறது. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடுகிற சுரப்பி ஒன்று கழுத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால் அது சோம்பிவிடும். பால் பெருகுகிற நேரத்தில் திடீரென்று நிறையத் தேவைப்படும், அப்போது அதால் ஈடுகொடுக்க முடியாது. இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரைதான் ஆபத்து அதிகம். சிறிய உடம்பும் நிறையக் குட்டியும் இருந்தால் இன்னும் அதிகம். காரணமில்லாமல் மூச்சிரைப்பாள், ஓரிடத்தில் இருக்க மாட்டாள், குட்டிகளைக் கண்டுகொள்ள மாட்டாள், பின்னங்கால் விறைத்தாற்போல் நடப்பாள், தசை துடிக்கும், பிறகு வலிப்பு. நடை மாறியவுடனே குட்டிகளைப் பிரித்துவிட்டு டாக்டரிடம் ஓடு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற விஷயம் இல்லை இது. டாக்டர் இதயத் துடிப்பைக் கவனித்தபடி நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றுவார். வலிப்பில் இருக்கிறவள் வாயில் நீ எதையும் ஊற்றாதே. இப்போதைக்கு அந்த டானிக்கைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று இன்றைக்கே டாக்டரிடம் கேள்.

தினமும் ஒருமுறை எல்லாக் காம்பையும் கையால் தடவிப் பார். ஒன்று மட்டும் கல்லாக இறுகி, சுட்டு, சிவந்து, தொட்டால் அவள் உறுமினால் பால் கட்டிச் சீழ் பிடிக்கிறது. குட்டிகளின் நகத்தை வாரம் ஒருமுறை நுனி மட்டும் வெட்டிவிடு, மடியைக் கீறுவது குறையும். பிறப்புறுப்பிலிருந்து செம்பழுப்பாக, நாற்றமில்லாமல் சில வாரம் கசிவது இயல்பு. நாற்றமடித்தாலோ, 39.5 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தாலோ கருப்பையில் சீழ்.

சாப்பாட்டில் கணக்குப் பார்க்காதே. வளரும் குட்டிகளுக்கான தீவனத்தையே அவளுக்கும் கொடு. முதல் வாரம் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு, இரண்டாம் வாரம் இரு மடங்கு, அடுத்து மூன்று மடங்கு வரை கேட்பாள். நான்கைந்து வேளையாகப் பிரித்து வை. தண்ணீர் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கண் பத்து முதல் பதினான்கு நாளுக்குள் திறக்கும். நீ பிரித்துப் பார்க்காதே. மூடிய இமை புடைத்து உப்பினால் மட்டும் காட்டு. குடற்புழு மருந்து 2, 4, 6, 8 வாரங்களில், எடை பார்த்து டாக்டர் சொல்கிற அளவு, ராணிக்கும் சேர்த்து. புழு தாயின் உடம்பிலேயே உறங்கிக் கிடந்து, கருவிலும் பாலிலும் குட்டிக்குப் போகிறது. அதனால் பெட்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மருந்து வேண்டும். அந்தப் புழு மனிதக் குழந்தைகளுக்கும் வரும், பேரனைக் கை கழுவச் சொல். தெள்ளுப்பூச்சி இருந்தால் சிறிய பல் சீப்பால் வாரி சோப்புத் தண்ணீரில் போடு. பெரிய நாய்க்கான சொட்டு மருந்தைக் குட்டி மேல் விடாதே. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி.

மூன்றரை வாரத்துக்கு மேல் அதே தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கித் தட்டையான தட்டில் வை. முதல் நாள் அதில் நடப்பார்கள், நக்க மாட்டார்கள். பால் மறக்க மறக்க ராணியின் அளவையும் குறைத்துக்கொண்டே வா. பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தாம் வாரமே ஒன்றைக் கேட்கிறார் என்றாய். எட்டு வாரம் முடியட்டும் என்று சொல்லிவிடு. மெதுவாகக் கடிக்கக் கற்றுக்கொள்வது கூடப்பிறந்ததுகளிடம்தான். தினம் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போகட்டும், மூன்றாம் வாரத்துக்கு மேல் அது குட்டிக்கும் நல்லது.

சவலையின் எடையை மட்டும் நான்கு நாள் கணக்காக எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

உன்,
வசந்தா