ராஜுவுக்கு வந்த அதே நோய்

மயிலாடுதுறை,
மார்கழி 12.

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கே வரிகள் எழுதியிருந்தாய். "ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்ற வரியைப் படித்துவிட்டு மங்கை அழுதுவிட்டாள். பதினான்கு மாதங்களாக உனக்கு ஒரு சொல்கூடச் சொல்லாமல் இருந்தது என் தவறு. மூட்டுவலி என்று பொய் சொல்லி உன் மகளின் திருமணத்துக்கு வராமல் இருந்தது அதைவிடப் பெரிய தவறு. நீ கோபித்துக்கொண்டதில் முழு நியாயம் இருக்கிறது. கணபதி பாதியைக் கேட்டுக்கொண்டு மீதியைத் தானே சேர்த்து உன்னிடம் சொன்னதில்தான் நியாயம் இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்தே அவன் அப்படித்தான்.

ஆம், எனக்கு ரத்தப் புற்றுநோய். ராஜுவுக்கு வந்த அதே நோய். 1989 ஆவணியில் அவனைத் தோளில் சுமந்தவர்கள் நாம். அந்தப் பெயரைக் கேட்டதும் உன் மனம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் எழுதாமல் தள்ளிப்போட்டேன். ஆனால் நீ கடைசியாகப் பார்த்துவிட்டுப் போக வர வேண்டிய நிலையில் நான் இல்லை. அவனுக்கு நேர்ந்தது எனக்கு ஏன் நேரவில்லை என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும். கடிதம் நீளும், பொறுமையாகப் படி.

சென்ற ஆண்டு ஆவணியிலிருந்தே இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. இடப்பக்க விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக அடைத்துக்கொண்டு இருந்தது. இரவில் பனியன் நனையும் அளவுக்கு வியர்த்தது. வழக்கமாகப் போகும் இடத்தில் வாயுக்கோளாறு என்று சொல்லி இரண்டு மாதங்கள் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. வேட்டி இடுப்பில் நிற்காத நிலை வந்த பிறகு மங்கையே என்னை ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அழைத்துப் போனாள். அதிகபட்சம் பதினோராயிரம் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரம் இருந்தன. விலாவின் கீழே அடைத்திருந்தது வீங்கிய மண்ணீரல். இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, நாள்பட்ட வகை ரத்தப் புற்றுநோய் என்று உறுதி செய்தார்கள். அறிக்கையில் 'பிலடெல்பியா பாசிட்டிவ்' என்று இருந்தது.

அந்தச் சொல் உனக்கு நினைவிருக்கும். ராஜுவின் கோப்பிலும் அதே சொல் இருந்தது; அமெரிக்காவுக்குக் கொண்டு போனால்தான் தீரும் நோய் என்று நீ நினைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று தபால் நிலையத்தில் போய் விசாரித்தாய். இப்போதுதான் அதன் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1960இல் பிலடெல்பியா நகரத்தில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த நோயாளிகளின் அணுக்களில் குரோமோசோம் என்ற மரபிழைகளில் ஒன்று அளவில் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். அதனால் அந்தப் பெயர். 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற அம்மையார், அது வெறுமனே குட்டையானது அன்று, 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் முனைத்துண்டுகளை மாற்றிக்கொண்டு ஒட்டியிருக்கின்றன என்று காட்டினார். இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்கும் போவதில்லை. வாழ்நாளில் என்றோ ஒரு நாள் மஜ்ஜையின் ஓர் அணுவில் நேர்ந்துவிடுகிற பிழை. தவறாக ஒட்டிய அந்த இடத்தில் இயல்பில் இல்லாத ஒரு புரதம் உருவாகிறது. உன் வயல் பம்புசெட் சுவிட்ச் அழுத்திய நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? தேவை முடிந்த பிறகும் மோட்டார் ஓடும், வரப்பு உடையும். அந்தப் புரதம் அப்படித்தான், வெள்ளை அணுக்களைப் பெருகு, பெருகு என்று ஓயாமல் ஏவிக்கொண்டே இருக்கிறது.

ராஜுவுக்குக் கொடுத்த மாத்திரைகள் பெருகிய அணுக்களைக் கொன்றன. சுவிட்சை அவை தொடவில்லை. ஆகவேதான் இரண்டு ஆண்டுகள் அவன் நன்றாக நடமாடினான், சைக்கிளில் பூம்புகார் வரை நம்மோடு வந்தான், பிறகு ஒரே மாதத்தில் நோய் உக்கிரமாகிக் கையை விட்டுப் போனான். நாம் அலைந்து ரத்தம் சேர்த்தது போதவில்லை என்று நீ பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தாய். சுந்தரம், அப்போது இரண்டு லாரி ரத்தம் கொண்டு போயிருந்தாலும் நடந்தது நடந்தேயிருக்கும். இதை உன்னிடம் நான் சொல்லியாக வேண்டும்.

1998இல்தான் பிரையன் ட்ரக்கர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் இமாட்டினிப் என்னும் மருந்தை நோயாளிகளுக்கு முதலில் கொடுத்துப் பார்த்தார். அந்தப் புரதம் இயங்குவதற்கு ஆற்றல் வந்து அமர வேண்டிய குழியில் இந்த மருந்து போய் அமர்ந்துகொள்கிறது, மோட்டார் நின்றுவிடுகிறது. 2001 மே மாதம் அங்கே அனுமதி கிடைத்தது. தொடக்கத்திலேயே இந்த மாத்திரையில் சேர்க்கப்பட்டவர்களை ஒரு பெரிய ஆய்வில் தொடர்ந்து கவனித்தபோது, 10 ஆண்டுகளுக்குப் பிறகும் நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். ராஜு போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த மருந்து. இந்தக் கணக்கைப் போட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் சாப்பிடுவது அதுதான். 400 மில்லிகிராம், நாளைக்கு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒரு பெரிய தம்ளர் தண்ணீர். காலையில் கண்ணைச் சுற்றி வீங்குகிறது, கெண்டைக்காலில் தசை இழுக்கிறது, அவ்வளவுதான். முடி ஏன் கொட்டவில்லை என்று தெருவில் கேட்கிறார்கள். மங்கையின் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தபோது அறுவை சிகிச்சை, கீமோ, கரண்ட் வைப்பது என்று வரிசையாக எல்லாம் தேவைப்பட்டது. முடி கொட்டி மறுபடி முளைத்தது. அது வேறு நோய், இது வேறு நோய். ஒரே பெயரில் அழைப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே முடிவு என்று எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணத்தால்தான் நானும் உன்னிடம் ஒளிந்திருந்தேன்.

விலையைப் பற்றி நீ கேட்பாய். இந்த மருந்தைக் கண்டுபிடித்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு இந்தியாவில் மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆனது. பலருக்கு அவர்கள் இலவசமாகவும் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டு நிறுவனங்கள் தயாரித்ததோ அப்போதே மாதம் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. மருந்தின் மேம்பட்ட வடிவம் என்று சொல்லி அவர்கள் கேட்ட காப்புரிமையை 2006இல் மறுத்தது சென்னையில் உள்ள காப்புரிமை அலுவலகம். அப்படி மறுக்க இடம் தந்த காப்புரிமைச் சட்டப்பிரிவையே எதிர்த்து அவர்கள் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. அன்றைய செய்தித்தாளை நான் வாசித்திருக்க வேண்டும். ஒன்றும் நினைவில் இல்லை. இன்று என் ஓய்வூதியத்தில் மாத்திரையும் வாங்கி, பேரனுக்குச் சைக்கிளும் வாங்க முடிகிறது என்றால் அந்த வழக்குகள்தான் காரணம்.

இனி ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஐந்தாம் மாதத்தில் உடம்பு தேறிவிட்டது, எடை கூடியது, கால் இழுப்பு மட்டும் தொல்லை கொடுத்தது. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள் மாத்திரையை விட்டுவிட்டேன். மங்கைக்குத் தெரியாமல் அட்டையிலிருந்து பிதுக்கிக் கொல்லையில் எறிந்தேன். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை ரத்தத்தில் அந்தப் பிழையான மரபணு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கிறார்கள். மூன்றாம் மாதம் நூற்றுக்கு 7 இருந்தது. ஆறாம் மாதம் ஒன்றுக்குக் கீழே வந்திருக்க வேண்டியது 4இல் நின்றது. மருத்துவர் கேட்டதும் ஒப்புக்கொண்டேன். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் தப்பிப் பிழைக்கும் அணுக்கள் இந்த மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிடக்கூடும், அடுத்த வகை மருந்துகள் இருந்தாலும் அவற்றைத் தேடிப் போகும் நிலையை நீங்களே உண்டாக்க வேண்டாம் என்றார். ராஜுவுக்குக் கிடைக்காததை நான் கொல்லையில் எறிந்தேன் என்பது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. போன வாரம் வந்த முடிவில் 0.08. 0.1க்குக் கீழே வர வேண்டும் என்பதுதான் இலக்கு.

ஆகவே தை பிறந்ததும் வா. தங்கையையும் அழைத்து வா. கணபதி சொன்ன சித்த மருந்துப் பொட்டலத்தைக் கொண்டு வராதே. மருத்துவரைக் கேட்காமல் எதையும் இதோடு சேர்க்கக் கூடாது.

இன்னொன்று. ராஜுவின் அம்மா திருவெண்காட்டில் மகள் வீட்டில் இருக்கிறார்கள், வயது எண்பத்தெட்டு. என் உடம்பு சரியில்லை என்று யாரோ சொல்லி, இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார்கள். என்ன நோய் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். மாத்திரை வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அந்த அம்மா மகிழ்வார்களா, இல்லை மகனை மறுபடி இழந்தது போல ஆவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. தனியாகப் போய் நிற்க என்னால் முடியாது, சுந்தரம். நீ வந்ததும் இருவருமாகப் போவோம்.

உன் அன்பு,
பாலு